எண்பது யூரோ கைப்பையும் எங்கள் மண்டபங்களும்

எங்கள் விழாக்களில் சேலைக்கும் நகைக்கும் அடுத்தபடியாக இப்போது கண்கள் போவது கைப்பைக்குத்தான். சாமத்திய வீடோ, ஐம்பதாவது பிறந்தநாளோ, மேசையில் வைக்கப்படும் பையில் எந்த எழுத்துப் பொறித்திருக்கிறது என்று நாம் பார்க்கிறோம். பார்ப்பதில்லை என்று சொன்னால் அது பொய். விடிய நான்கு மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கப் போகிற ஒருவரால் இரண்டாயிரம் யூரோவுக்குப் பை வாங்க முடியாது. அதே எழுத்துடன் எண்பது யூரோவுக்கு ஒன்று வட்ஸ்அப் குழுவில் வருகிறது. "மாஸ்டர் கொப்பி அக்கா, கடைக்காரனுக்கே வித்தியாசம் தெரியாது" என்ற குரல் பதிவும் கூடவே வரும். ஆசைப்பட்டவரை நாம் பழிக்கப் போவதில்லை.

2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு வரியை ஏற்றியபோது டிக்டொக் எங்கும் ஒரே கதை. பிரபல பைகளைத் தைப்பதே நாங்கள்தான், எங்களிடம் நேரடியாக வாங்குங்கள் என்றார்கள் சீன விற்பனையாளர்கள். எங்கள் குழுக்களிலும் அது சுற்றியது. ஆனால் ஹேர்மேஸ் தன் தோல் பைகளைத் தைப்பது பிரான்சில். லூயி வித்தோனின் தோல் பட்டறைகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமே உள்ளன. அந்தக் காணொளிகளை விற்பனை விளம்பரமாகவே எடுக்கவேண்டும்.

இருந்தும் மக்கள் நம்பியதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலியக் கிளை நிறுவனம் ஒன்றை நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் பை ஒன்றைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. தோலின் விலை தனி. அந்தப் பட்டறைகளில் விசா இல்லாதவர்களும் இருந்தார்கள், வேலை செய்த இடத்திலேயே படுத்தெழும்பினார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. இப்படியான வாழ்க்கை எங்களுக்குப் புதிதல்ல. பரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் 'காட்' இல்லாமல் கோப்பை கழுவிய எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே விலை முழுவதும் தையலுக்கல்ல, பெயருக்கு என்ற சந்தேகம் நியாயமானதே. அங்கிருந்து "அப்படியெண்டால் போலி வாங்கினால் என்ன?" என்று தாவுவதில்தான் சிக்கல். பெயருள்ள கம்பனி என்றபடியால் அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. எண்பது யூரோப் பையை எந்தப் பிள்ளை தைத்தது, என்ன சம்பளம் வாங்கியது என்று கேட்க ஒரு முகவரி கூட இல்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சுவிசில் 2008 ஜூலையிலிருந்து சொந்தப் பாவனைக்கென்றாலும் போலிப் பொருளைச் சுங்கம் பறித்து அழிக்கலாம். வாங்கியவருக்குத் தண்டனை இல்லை, பையும் காசும் போய்விடும், அவ்வளவுதான். இத்தாலியில் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். விடுமுறைக்குப் போய்க் கடற்கரையில் பேரம் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. பிரான்ஸ் இன்னும் கடுமை. கையில் வைத்திருப்பதே குற்றம். சுங்க அபராதம் அசல் பொருளின் விலையில் ஒன்று முதல் இரண்டு மடங்கு. எண்பது யூரோவுக்கல்ல, இரண்டாயிரத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள்.

ஆனாலும் நாம் அதிகம் கவலைப்படுவது வாங்குபவரைப் பற்றியல்ல. ஒரு பைக்குப் பத்து யூரோ நிற்கும் என்று வீட்டிலிருந்தபடி படங்களை அனுப்பும் எங்கள் பெண்களைப் பற்றித்தான். இது சீட்டுப் பிடிப்பதுபோல, பலகாரம் செய்து விற்பதுபோல ஒரு கைவேலை என்றே அவர்கள் நினைக்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் போலியை விற்பனைக்கு வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, 300,000 யூரோ வரை அபராதம். பொது இணையத்தில் விற்றால் அதைவிடக் கூட. இது உச்ச அளவு, பத்துப் பை விற்றவருக்கு அப்படியே விழாது. ஆனால் ஒரு சிறிய தீர்ப்பும் குற்றப் பதிவில் ஏறலாம். பிரஜாவுரிமைக் கோப்பைத் திறக்கும் அதிகாரி முதலில் பார்ப்பவற்றுள் அதுவும் ஒன்று. பொலிசார் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள் என்றும் எண்ணவேண்டாம். ஒலிம்பிக்குக்கு முன்னர், 2024 ஏப்ரலில், பரிசை ஒட்டிய சென்-துவான் சந்தைப் பகுதியில் கடைகளை மூடி, 63,000 போலிப் பொருட்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

குழுவில் அடுத்த படம் வரும்போது வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். படம் போடும் அக்காவுக்கு மட்டும் யாராவது இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் பிரெபெக்சரின் நேர்முகத் திகதிக்காகக் காத்திருப்பவராகவும் இருக்கலாம்.