மதில் மட்டும் போதுமா?

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குபவர்களில் சிலரது கையில் மருத்துவ அறிக்கைகள் அடங்கிய பிளாஸ்டிக் பை இருக்கும். மெடிக்கல் காலேஜ் பஸ் எங்கே நிற்கும் என்று தமிழில் கேட்பார்கள். போகுமிடம் ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம். 2024 ஏப்ரல் இறுதியில் இதன் சர்வர்கள் தாக்கப்பட்டன. கதிர்வீச்சு சிகிச்சை சில நாட்கள் தடைபட்டது. எந்திரம் பழுதாகவில்லை. ஆனால் எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் என்ற திட்டம் கம்ப்யூட்டரிலிருந்து வந்தால்தான் கதிர் பாயும்.

1990-ல் டெக்னோபார்க் தொடங்கிய ஊர் இது. இங்கே சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் மத்தியில் ஓயாத விவாதம் ஒன்று உண்டு. வந்துபோகும் தகவல்களை வடிகட்டும் ‘ஃபயர்வாலை’ தனிப் பெட்டியாக வாங்குவதா, அல்லது சாஃப்ட்வேராகவே வைத்துக்கொள்வதா?

தகவல்கள் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணிக்கின்றன. எங்கிருந்து வருகிறது, யாருக்கு, எந்த வாசல் வழியாக என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும். வடிகட்டி அதைப் படித்து, விதிப்படி விடும் அல்லது தடுக்கும். பெட்டியாக வைத்தால் வேகம் சீராக இருக்கும். சர்வரைக் கைப்பற்றியவனுக்கும் அது எளிதில் எட்டாது. ஆனால் விலை அதிகம். போக்குவரத்து பெருகினால் இன்னொன்று வாங்க வேண்டும். சாஃப்ட்வேர் வடிகட்டியைக் காலையில் நகலெடுத்து, சோதித்து, மாலையில் அழித்துவிடலாம். செலவும் பெரிய தடையல்ல. 2001-ல் வந்த லினக்ஸ் 2.4 பதிப்பிலேயே இலவச வடிகட்டி உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய அமைப்பு அதே ஆண்டில் தொடங்கப்பட்டதும் இந்த ஊரில்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இன்று ஒரே சர்வருக்குள் பல ‘மெய்நிகர்’ கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது தகவல் வெளியே கேபிளுக்கே வராமல் போகலாம். வாசலில் நிற்கும் விலையுயர்ந்த பெட்டிக்கு உள்ளே நடப்பது தெரியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கும் இதில் பங்குண்டு. ஃபயர்வாலைத் ‘தீயரண்’ என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அரண் என்றதும் கிழக்கே கோட்டை மதில்தான் நினைவுக்கு வருகிறது. கட்டடக் கலையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவாமல் தடுக்கும் உட்சுவர் அது. தீ பற்றும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கட்டும் சுவர்.

அப்படிப் பார்த்தால் ‘இதுவா, அதுவா’ என்ற கேள்வியே மாறிவிடுகிறது. மருத்துவமனை எந்திரங்கள் பலவும் பழைய சாஃப்ட்வேரில் ஓடுபவை. தயாரித்தவரைக் கேட்காமல் எதையும் அதில் ஏற்ற முடியாது. அவற்றின் முன்னே தனிப் பெட்டி நிற்பதே நல்லது. நோயாளிப் பதிவுகள் உள்ள மெய்நிகர் சர்வர்களுக்கு நடுவே சாஃப்ட்வேர் சுவர்தான் வழி.

எந்தச் சுவரானாலும் விதிகளை எழுதுவது மனிதர்கள். சமீபத்தில் ஒரு நிறுவனத்தின் கையேட்டை மொழிபெயர்த்தபோது, “சோதனைக்காக எல்லாவற்றையும் அனுமதிக்கவும், பின்னர் நீக்கவும்” என்று ஒரு வரி இருந்தது. நீக்குவது யார் பொறுப்பு என்று கேட்டேன். “அது வேறு டீம் சார்” என்றார் அந்த இளைஞர். அந்த டீமில் கேட்டால், அப்படி ஒரு விதி திறந்திருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

பெட்டியா, சாஃப்ட்வேரா என்று பேசி முடிவெடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குபவர்கள், திறந்த வாசலை யார், எந்தத் தேதியில் மூடுவார் என்று எழுதிவைக்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் நாகர்கோவில்காரர் ரயில் ஏறுகிறார்.