பூட்டிய நிலத்தைத் திறந்துவிடுங்கள்

சமுதாயத் தோட்டங்களுக்காகச் சென்னைக் குடியிருப்போர் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள்

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுவோர், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி வந்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலங்கள் பல இடங்களில் பூங்காவாகவும் விளையாட்டுத் திடலாகவும் ஆகியுள்ளன. மற்றவை கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கின்றன. ஆள் புழங்காத பொது நிலத்தை ஆக்கிரமிப்பது எளிது. தெருவே கூடித் தண்ணீர் ஊற்றும் நிலத்தை வளைக்க எவரும் அஞ்சுவர். ஆகவே, சும்மா கிடக்கும் இந்நிலங்களில் சமுதாயத் தோட்டம் அமைக்கக் கோருகிறோம்:

1. பட்டியல்: ஓ.எஸ்.ஆர். நிலங்களின் சர்வே எண், பரப்பு, இன்றைய நிலை ஆகியவற்றை வார்டுவாரியாக வெளியிட்டு, பகுதி சபையில் வாசிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் திடல் எதையும் தோட்டமாக்கக் கூடாது.

2. அனுமதி: கீரைக்கு ஒரு மாதம் போதும், முருங்கையோ ஆண்டுக்கணக்கில் நின்று காய்ப்பது. இடிபாடு கலந்த மண்ணைத் தேற்றவும் காலம் பிடிக்கும். பதினொரு மாத அனுமதி பயன்படாது. ஐந்தாண்டுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டா கேட்கவில்லை. நிலம் என்றும் பொதுச்சொத்தாகவே இருக்கட்டும்.

3. மண்: இடிபாட்டை அகற்றி, மண்ணில் ஈயம் போன்ற கன உலோகங்கள் உள்ளனவா என்று சோதித்துத் தர வேண்டும். நஞ்சு இருந்தால் நல்ல மண் கொட்டி மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும்.

4. தண்ணீர்: லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும் ஊரில் குடிநீரைச் செடிக்கு ஊற்ற மாட்டோம். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அருகிலுள்ள அரசுக் கட்டடங்களின் மொட்டைமாடி மழைநீரைத் தோட்டத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

5. உரம்: 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொன்னன. நாங்கள் பிரித்துத் தரும் மக்கும் குப்பை, இலவச உரமாகத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

6. பங்கு: பாத்திகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர், இங்கே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அனைவருக்கும் சம உரிமை. மூன்றில் ஒரு பாத்தி பொதுப்பாத்தி.

7. வசதி: பெண்களும் முதியவர்களும் தயங்காமல் வர விளக்கும் கழிப்பறையும் வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிக்க மாட்டோம். கொசு பெருகும்படி தண்ணீர் தேங்க விட மாட்டோம். ஒரு பட்டம் முழுக்கத் தரிசாக விட்ட பாத்தி, காத்திருப்போருக்குப் போகும். பொதுப்பாத்தி விளைச்சல் அங்கன்வாடிக்கு. வரவு செலவை மாதந்தோறும் வாயிற்பலகையில் எழுதுவோம். பகல் முழுதும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்.

ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டுமானால் சித்திரைக்குள் இடிபாடு அகல வேண்டும். எனவே தை மாதத்துக்குள் பட்டியலையும், பங்குனிக்குள் மண்டலத்துக்கு ஒரு தோட்டத்துக்காவது அனுமதி ஆணையையும் வெளியிடுங்கள். உழைக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.