தகுதி எது?

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சபை உறுப்பினராவதற்குத் தகுதி எது, தகுதியின்மை எது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. இவ்வூரில் பயிலும் நமக்கு இன்று தகுதி என்பது எது? மதிப்பெண் பட்டியல் ஒன்றுதானா?

இக்கேள்வி என் உள்ளத்தில் எழக் காரணம் என் தோழி ஒருத்தி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குப் பாடத்தில் தவறிவிட்டாள். துணைத்தேர்வு எழுத அவளுக்கு ஆசை. "உனக்குப் படிப்பு வராது" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நடக்கிறது. அவள் வீட்டாருக்கு ஒருவருடைய வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். தாயார் விடவில்லை. மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. இதற்கிடையே ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தார்.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே நோயாளிக்கு மருத்துவம் செய்யும் உரிமை அவருக்கு இல்லை. இரவில் மருத்துவமனையில் கழிவுக் கலங்களைக் கழுவும் வேலை செய்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். 1930-இல் டாக்டர் பட்டம் பெற்றும் அங்கே நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1946 வரை இந்தியருக்கு அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வழியே இல்லை.

1940-இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் இயங்கிய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் உருவாக்கியது. இரத்த அணுக்கள் உண்டாக இன்றியமையாத பொருள் அது. ஸ்ப்ரூ நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. புற்றணுக்கள் பெருகவும் அப்பொருள் தேவை. ஆகவே, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அக்குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்று கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகள் தற்காலிகமாகத் தேறினர். 1948 ஜூனில் அச்செய்தி வெளிவந்தது. அதுவரை அந்நோய்க்கு மருந்து என்று ஒன்று இருந்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தமது 53-ஆம் வயதில் மறைந்தார். அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது.

"அவர் மேதை, நம் பெண்ணும் அவரும் ஒன்றா?" என்று சிலர் கேட்கலாம். இரண்டாம் முறை தோற்ற அன்று அவரை யார் மேதை என்றார்கள்? தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வில் தேறாதவர் கையில் நோயாளியை ஒப்படைக்க முடியுமா? ஆனால், ஒருமுறை தவறியவருக்குக் கதவை அடைத்துவிடுவது நீதியாகாது. நம் காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பணியாற்ற இவ்வூர்ப் பெண்களும் வேண்டும். அடைத்த கதவுகளுக்குப் பின்னால் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்களோ!

அன்புத் தோழியரே, வாரந்தோறும் நமக்குத் தரப்படும் நீல நிற மாத்திரையை ஆசிரியை திரும்பியதும் ஜன்னல் வழியே எறிவோர் நம்மிடையே உண்டு. நானும் எறிந்திருக்கிறேன். அதில் இரும்புச் சத்தோடு இருப்பது அந்த ஃபோலிக் அமிலமே. தேர்வில் இருமுறை தோற்ற ஒருவர் நமக்கு விட்டுச் சென்ற கொடை அது. இனி எறியமாட்டேன்.

என் தோழியின் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். துணைத்தேர்வு விண்ணப்பத்தையும் என் கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்கிறேன்.