ஏறத்தக்க மலை எது?

மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஊரிலே இருந்துகொண்டு மலையேற்றத்தைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவது நகைப்புக்கு இடமாகலாம். மன்னார்த் தீவு கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த மணல் நிலம். தலைமன்னார் முனையிலிருந்து பெருநிலம் வரை நடந்து வந்தாலும் கண்ணுக்கு உயரமாகப் படுவன பனைகளும், கோயில்களும், பள்ளிவாசல்களும், பள்ளிமுனையிலுள்ள முதிய பெருக்குமரமும், 2020ஆம் ஆண்டு முதல் தென்கரையிலே சுழன்று நிற்கும் காற்றாலைகளுமே. இத்தகைய நெய்தல் நிலத்திலே முப்பது ஆண்டுகளாக நான் குறிஞ்சித்திணை கற்பித்து வருகிறேன். பாட்டிலே 'மால்பு' என்ற சொல் வரும். கண்ணேணி என்று பொருள் சொல்வேன். தேன் எடுக்கும் பொருட்டுச் செங்குத்தான பாறையிலே சார்த்தும் மூங்கில், அதன் கணுக்களே படிகள் என்று விளக்கமும் கூறுவேன். பாறையைக் காணாத பிள்ளைகள், பாறையில் ஏறாத ஆசிரியனிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டு என் பழைய மாணாக்கர் ஒருவர் சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். என்னிடம் நன்னூல் படித்தவர். இப்பொழுது சூரிச் நகரிலே தொழில் பார்க்கிறார். ஓய்வுநாள் தோறும் பாறையேறுகிறாராம். கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகள் கயிறு திரிப்பவர் விரல்கள்போற் காய்த்திருந்தன. உலகிலே பாறையேறச் சிறந்த இடங்கள் என்று யாரோ தொகுத்த பட்டியல் ஒன்றும் அவரிடம் இருந்தது.

"ஐயா, மூன்று வருடம் காசு சேர்த்திருக்கிறேன். ஓரிடத்துக்குத்தான் போகலாம். இதிலே ஒன்றை நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

"தம்பி, இதை என்னிடம் ஏன் கேட்கிறீர்?" என்றேன்.

"மற்றவர்கள் எல்லாரும் பாறையைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். நீங்கள் வேறு எதையாவது பார்த்துச் சொல்லுவீர்கள்" என்று சிரித்தார்.

அப்பட்டியலை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். கல்லின் உறுதி, வழிகளின் தொகை, அவற்றின் கடுமை, வெயில் மழை, போக்குவரவுச் செலவு ஆகிய இவற்றைக்கொண்டே இடங்கள் நிரைப்படுத்தப்பட்டிருந்தன. அவ்விடங்களிலே யார் வாழ்கின்றனர், தம் பாறையில் அயலார் ஏறுவதைப் பற்றி அவர்கள் என்ன கருதுகின்றனர் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. முதல், கரு, உரி என மூன்றும் அமைந்ததே பாட்டு என்று படித்தவனுக்கு, நிலத்தை மாத்திரம் பாடிவிட்டு நிறுத்திய பாட்டுப்போல இருந்தது அது.

பட்டியலின் தலையிலே நின்றது அமெரிக்காவின் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கப்பித்தான் என்னும் கருங்கற் சுவர். அடியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 900 மீற்றர். 1958ஆம் ஆண்டு நவம்பரிலே வாரன் ஹார்டிங் என்பாரும் தோழர் இருவரும் அதன் முகத்திலே முதன்முதல் ஏறி முடித்தனர். ஒன்றரை ஆண்டுக் காலத்திலே விட்டுவிட்டு நாற்பதுக்கு மேற்பட்ட நாள்கள் அதற்குச் சென்றன. அதே சுவரிலே 2017ஆம் ஆண்டு யூன் 3ஆந் தேதி அலெக்ஸ் ஹொனல்ட் என்ற இளைஞர் கயிறின்றித் தனியே நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். வியப்புத்தான். ஆயினும் இச்செய்தியை என் வகுப்பிலே சொல்ல நான் துணியவில்லை. கேட்ட அன்றே காற்றாலைத் தூணை அண்ணாந்து பார்க்கும் பையன்கள் இருவரை நான் அறிவேன். அப்பள்ளத்தாக்கின் பழங்குடி மக்களை 1851இல் படைகொண்டு வெளியேற்றினர் என்ற செய்தியும் உண்டு. அதைப் பட்டியற்காரர் சொல்லவில்லை. பாறை மிஞ்சியது, பாறைக்குப் பெயரிட்டவர் அகன்றனர்.

இதற்கு மறுதலையான கதை அவுஸ்திரேலியாவின் உலுறு. அது செம்பாறை, 348 மீற்றர் உயரம். ஆனங்கு மக்களுக்கு அது தெய்வ நிலம். "இது எங்கள் புனித இடம், ஏறாதீர்" என்று அம்மக்கள் நெடுங்காலம் வேண்டிக்கொண்டனர், வந்தவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறியபடியே இருந்தனர். முப்பதுக்கு மேற்பட்டோர் அதிலே உயிரும் விட்டனர். 1985 ஒக்ரோபர் 26இல் அந்நிலத்தின் உரிமை ஆனங்கு மக்களிடம் திரும்பியது. 2019இல் அதே ஒக்ரோபர் 26இலிருந்து ஏற்றம் தடைசெய்யப்பட்டது. வேண்டுகோளுக்கும் தடைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் சென்றன என்று பாருங்கள். அங்கே வாயில் அடைபடுவதற்கு முந்திய வாரங்களிலே பெருங்கூட்டம் திரண்டு ஏறியது. வேண்டாம் என்ற சொல்லைச் சிலர் 'விரைந்து வா' என்று கேட்கின்றனர் போலும்.

இந்தியாவின் பாதாமியும் பட்டியலிலே இருந்தது. அந்தப் பெயரைக் கண்டதும் என் நடுநிலை சற்றுத் தளர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நூல்கள் வாதாபி எனக் கூறும் ஊர் அது. நரசிங்கவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டிலே அதனை வென்று தன் வெற்றியை அங்குள்ள பாறையிலேயே பொறித்தான். அக்கல்வெட்டு இன்றும் உண்டு. சாளுக்கியர் குடைந்த குகைக்கோயில்கள் நிற்கும் அதே மணற்கற் குன்றுத்தொடரிலே இக்காலத்து இளைஞர் கயிறு கட்டி ஏறுகின்றனர். "வாதாபிக்குப் போம்" என்று சொல்ல நாவெழுந்தது. வரலாற்றுப் பெருமிதத்துக்காக ஒருவரின் மூன்றாண்டுச் சேமிப்பைச் செலவிடச் சொல்வது ஆசிரியத் தொழில் அன்று என்று அடக்கிக்கொண்டேன்.

நம் நாட்டிலே இடமில்லையா என்று கேட்பவர் உண்டு. சிவனொளிபாதமலை 2243 மீற்றர். 1344ஆம் ஆண்டளவில் இபின் பதூதா புத்தளக் கரையிலே இறங்கி, முத்துச் சலாபத்துக்கு வந்திருந்த ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அம்மலைக்குச் செல்வதொன்றையே வரமாகக் கேட்டு, இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறினார். இன்று அங்கே படிகள் உள்ளன. அது யாத்திரை, பாறையேற்றம் என்ற பெயருக்குள் அதனை அடக்கலாகாது. சிகிரியாவும் அவ்வாறே. அங்கே ஏறிய முன்னோர் கண்ணாடிச் சுவரிலே கீறி வைத்த பாட்டுகளுள் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். ஏறிய களைப்பைப் பாடியவரிலும் ஓவியப் பெண்களைப் பாடியவரே அதிகம்!

ஏறும் கலையை நாம் அறியாதவர் அல்லேம் என்பதற்கு மலையையே தேட வேண்டியதில்லை. என் சிறுபருவத்திலே எங்கள் ஊரிற் பனையேறும் முதியவர் ஒருவர் இருந்தார். காலிலே தளைநார், இடையிலே பாளைக்கத்தி. விடியுமுன் இருபது மரம் ஏறி இறங்குவார். ஆணியும் இல்லை, கயிறு பிடிக்க ஆளும் இல்லை. அவர் மார்பிலே மரம் உராய்ந்த தழும்பு எருமைத் தோல்போலத் தடித்திருந்தது. அவரைக் கிணற்றடியில் எட்ட நிற்கச் சொன்ன வாய்களையும் நான் கேட்டிருக்கிறேன். என் வீட்டு வாய்களும் அவற்றுட் சில. வயிற்றுக்காக ஏறியவரை இழிவு செய்த நாம், 2021இலே தோக்கியோ ஒலிம்பிக்கிற் பாறையேற்றம் முதன்முறை சேர்க்கப்பட்டபோது பத்திரிகையைப் பார்த்து வியந்தோம். என் மாணாக்கரும் அம்முதியவரை அறிவார். அவர் பேச்செடுத்தபோது சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பட்டியலின் இடையிலே கலிம்னோஸ் என்று ஒரு பெயர் இருந்தது. கிரேக்க நாட்டிலே ஏஜியன் கடலிலுள்ள சிறு தீவு அது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது நான் எங்கள் கரையையே படித்தேன். அத்தீவார் கடலடியிலே பஞ்சு எடுத்து வாழ்ந்தவர். பஞ்சு என்றது பருத்தியை அன்று. கடற்பாறையில் ஒட்டி வாழும் உயிரின் உடல் அது. பழங்காலத்திலே மூழ்குபவன் தட்டையான கல்லொன்றைப் பற்றிக்கொண்டு கடலினுள் இறங்குவான். கல்லிலே கட்டிய கயிற்றை மேலே படகில் ஒருவன் பிடித்திருப்பான். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக் குளித்தவர் செய்ததும் அதுவேயன்றோ? 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே மூழ்கும் உடையும் காற்றுக் குழாயும் அத்தீவுக்கு வந்தன. ஆழம் கூடியது, பஞ்சும் கூடியது. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்த இளைஞர் பலர் மாண்டனர். பலர் கால் வழங்காதவராய்த் திரும்பினர். தொழில் நலிய, கடல் கடந்து அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பலர் குடிபெயர்ந்தனர். 1986இல் நோய் பரவிக் கடற்பஞ்சு பெரிதும் அழிந்தது.

பத்தாண்டு கழித்து, 1996இலே, அந்திரேயா தி பாரி என்னும் இத்தாலியர் விடுமுறைக்கு அங்கே சென்றார். கடலை நோக்கி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளைக் கண்டார். தீவார் அவற்றை நாள்தோறும் கண்டவரே. ஆடு மேயும் வறள் நிலம் என்பதற்கு மேல் மதித்திலர். அடுத்த ஆண்டிலிருந்து அவரும் தோழரும் பாறையிலே இரும்பாணி பதித்து வழி அமைத்தனர். ஊராட்சியும் துணைநின்றது. இன்று அங்கே 3000க்கு மேற்பட்ட வழிகள் உண்டு. மசூரி என்னும் சிற்றூரிலே இளவேனிலிலும் முன்பனிக்காலத்துக்கு முன்னும் விடுதிகள் நிரம்புகின்றன. பஞ்செடுத்தவரின் பேரர் அவ்விடுதிகளை நடத்துகின்றனர்.

ஆகவே என் தேர்வு கலிம்னோஸ். உயரத்திலே எல் கப்பித்தானுக்கு அது நிகரன்று. ஆணி பதித்த வழிகளிலே ஏறுவது வீரமாகாது என்று எள்ளுநரும் உளர் என்று மாணாக்கரே சொன்னார். அயலார் பணம் வரும் ஊரிலே அயலார் விலையும் வரும் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் "வா" என்று அழைக்கும் ஊருக்கும், "வேண்டாம்" என்று அழும் ஊருக்கும், சொல்வதற்கு ஆளே இல்லாமற் போன ஊருக்கும் உள்ள வேற்றுமையைக் கல்லின் உறுதியை அளந்து அறிய முடியாது. இதை நான் ஏன் இத்துணை வற்புறுத்துகிறேன் என்று மன்னாரார் கேட்கமாட்டார்கள். காற்றாலைகளை மேலும் நிறுவுவதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 ஓகஸ்டிலே எங்கள் வீதிகளிலே நின்றவர்கள் கேட்டதும் இதுவே: இடத்தைத் தேர்ந்தீர், இருப்பவரைக் கேட்டீரா? காற்றின் வேகத்தையும் மணலின் கனிமத்தையும் நிரைப்படுத்திய பட்டியல் ஒன்று எங்கோ ஒரு மேசையிலே இருந்திருக்கும். அதிலும் முதற்பொருள் மாத்திரமே இருந்திருக்கும்.

மாணாக்கர் புறப்படும் நாளிலே என் முடிவைச் சொன்னேன். அவர் பாட்டனார் சங்கு குளித்தவர், கடலிலேயே இறந்தார். முத்துக் குளிக்கப் போகிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் மைத்துனனாகவே இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பழையோர் சொல்வர். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றிலே இருக்கிறது என்பதை அவன் மறக்கமாட்டான் என்பது கருத்து. அது நினைவுக்கு வர, "அங்கே உமக்குக் கயிறு பிடிப்பவர் யார்?" என்று கேட்டேன்.

"என் மனைவியின் தம்பிதான் ஐயா" என்றார். "அவனும் ஏறுகிறவன். ஆனால் கொஞ்சம் பராக்குப் பார்ப்பான்."

மே மாதம், வெயில் முற்றுமுன் போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பிக்கும் ஒரு கடிதம் எழுதி அவர் கையிலே கொடுத்து விட்டேன்.