இனாம் டிக்கெட்டில் எரிபொருள் சுமை



விமான நிறுவனங்கள் தம்மிடம் அடிக்கடி பயணம் செய்வோருக்கு ‘மைல்’ என்ற பெயரில் புள்ளிகள் வழங்குவதை நம்மில் பலர் அறிவோம். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. இன்று அநேகமாக எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. மத்ரஸாவில் மைல் என்று சொன்னால் பிள்ளைகள் சபர் தொழுகைக்குரிய 48 மைலை நினைத்துக் கொள்வார்கள். இந்த மைலோ தூரத்தை அளப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. செலவழித்த பணத்துக்கு ஏற்பவே பல நிறுவனங்கள் இப்போது புள்ளி கொடுக்கின்றன. வங்கி அட்டையில் மளிகை வாங்கினாலும் மைல் சேருகிறது.

நம் குடும்பங்களில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, லண்டன், கனடா என்று சபர் சென்றவர்கள் இல்லாத வீடு குறைவு. பல ஆண்டுகள் போய் வந்ததில் சேர்ந்த மைல்களைக் கொண்டு அத்தா அம்மாவை உம்ராவுக்கு அனுப்பவோ, பேரக் குழந்தையைப் பார்க்க அழைத்துக் கொள்ளவோ பிள்ளைகள் விரும்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டிக்கெட் எடுக்கும் வேளையில்தான் சிக்கல் தலைகாட்டுகிறது.

எங்கள் பண்ணைக்காட்டில் காப்பியும் மலைவாழையும் பயிரிடும் பெரியவர் ஒருவர், கனடாவிலிருக்கும் மகன் அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மருமகளுக்குப் பேறுகாலம். கணவன் மனைவி இருவருக்கும் மைல் கொடுத்து டிக்கெட் பார்த்திருக்கிறான் மகன். “ஹஜ்ரத், இனாம் டிக்கெட் என்றான். கீழே ஆளுக்கு முப்பத்தெட்டாயிரம் போட்டிருக்கிறதே, இது என்ன கணக்கு?” என்று கேட்டார். இருவருக்கும் எழுபத்தாறாயிரம். காப்பி விற்ற பணம் முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், மனைவியை மட்டும் அனுப்பிவிட்டுத் தாம் தங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். அந்த அம்மையாரோ மதுரைக்கு அப்பால் தனியே சென்றறியாதவர்.

தாளைப் பிரித்துப் பார்த்தோம். மைலால் எடுக்கும் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் மட்டுமே மைல்களால் தீர்கிறது. எஞ்சியவை இரண்டு வகைப்படும். முதல் வகை, அரசுக்கும் விமான நிலையத்துக்கும் போய்ச் சேர்வது: நிலைய மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், பிரிட்டன் போன்ற நாடுகள் விதிக்கும் பயணி வரி முதலியன. இவற்றுக்குத் தப்ப வழியில்லை. இரண்டாவது வகை விமான நிறுவனமே தனக்காக வாங்கிக் கொள்வது. டிக்கெட்டில் இது ‘ஒய்.க்யூ.’ என்றோ ‘ஒய்.ஆர்.’ என்றோ குறிக்கப்பட்டிருக்கும். எரிபொருள் கூடுதல் கட்டணம் என்பது இதுதான். பெரியவருடைய முப்பத்தெட்டாயிரத்தில் பெரும்பகுதி இந்த எழுத்துகளுக்கு நேரேதான் இருந்தது.

பார்ப்பவர்கள் இதையும் வரி என்றே எண்ணிக் கொள்கிறார்கள். ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரே வரியில் சேர்த்து எழுதுவதால் வரும் மயக்கம் இது. இது வரியன்று என்பதற்கு நம் நாட்டு விதியே சான்று. டிக்கெட்டை ரத்து செய்வது குறித்து விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் திருத்தி அமைத்து, 2016 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியில், ரத்துக் கட்டணம் எக்காரணம் கொண்டும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்றும், அரசு வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதாவது எரிபொருள் கட்டணத்தை அரசு வரியின் பக்கம் வைக்கவில்லை. டிக்கெட் விலையின் பக்கமே வைத்தது.

அப்படியானால் விலையோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிடலாமே, ஏன் பிரித்துச் சொல்ல வேண்டும்? எண்ணெய் விலை ஏறும்போது அதைக் காரணம் காட்டி உயர்த்த வசதியாக இருக்கிறது என்பது ஒன்று. மைல் கொடுத்து வருபவனிடமும் ரொக்கம் வாங்க இடம் கிடைக்கிறது என்பது மற்றொன்று. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறியது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் பல நிறுவனங்களின் டிக்கெட்டில் இந்தக் கட்டணம் மறைந்துவிடவில்லை. மலையில் வாழைத்தார் ஏற்றுவோருக்கு இது புதிதன்று. டீசல் ஏறிற்று என்று ஏற்றிய வண்டிக் கூலி, 2021 நவம்பரில் டீசல் மீதான கலால் வரி லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைந்தபோது எத்தனை பேருக்குக் குறைந்தது என்பதை வத்தலக்குண்டு மண்டிக்குச் சரக்கு அனுப்புவோரிடம் கேட்டால் தெரியும்.

இதில் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றியதும் நடந்திருக்கிறது. நெடுந்தூரப் பயணங்களின் எரிபொருள் கட்டணத்தை எவ்வளவு உயர்த்துவது என்று பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் 2004 ஆகஸ்டு முதல் 2006 ஜனவரி வரை தம்முள் பேசி வைத்துக்கொண்டன. அந்தக் காலத்துக்குள் ஒரு டிக்கெட்டுக்கு 5 பவுண்டாக இருந்த கட்டணம் 60 பவுண்டாக வளர்ந்தது. 2007 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் பிரிட்டனில் 12 கோடியே 15 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் தனியாக 30 கோடி டாலர். வர்ஜின் தானே முன்வந்து தகவல் கொடுத்ததால் தப்பியது. நம் நாட்டிலும் சரக்குகளுக்கான எரிபொருள் கட்டணத்தை ஒன்றுபோல் உயர்த்தியதற்காக ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் ஆகிய மூன்றுக்கும் 2015 நவம்பரில் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியாகி, 2018 மார்ச்சில் குறைந்த தொகையாக மீண்டும் விதிக்கப்பட்டது. இண்டிகோ 2023 அக்டோபரில் பயணிகளிடம் தூரத்துக்கேற்ப 300 முதல் 1000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் வாங்கத் தொடங்கி, எண்ணெய் விலை இறங்கியதும் 2024 ஜனவரி 4 அன்று விலக்கிக் கொண்டதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இறக்கியவர்களும் உண்டு.

இனி, இந்தச் சுமையைக் குறைக்கும் வழிக்கு வருவோம். இதில் முதன்மையானது ஒன்றே. நாம் ஏறும் விமானம் யாருடையது என்பது மட்டுமல்ல, யாருடைய மைலைக் கொடுத்து அந்த விமானத்தில் ஏறுகிறோம் என்பதும் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. விமான நிறுவனங்கள் கூட்டணிகளாக இணைந்திருக்கின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலை 11 அன்று ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, ஏர் கனடா, யுனைடெட் ஆகியவை அதே கூட்டணியைச் சேர்ந்தவை. ஒன்றின் மைலைக் கொடுத்து மற்றொன்றின் விமானத்தில் போகலாம். லுஃப்தான்சா விமானத்தில் ஓர் இருக்கையை அதன் சொந்தத் திட்டமான மைல்ஸ் அண்ட் மோர் மூலம் எடுத்தால் எரிபொருள் கட்டணம் சேர்ந்து வரும். அதே இருக்கையை ஏர் கனடாவின் ஏரோபிளான் மைலாலோ யுனைடெட்டின் மைலேஜ் பிளஸ் மைலாலோ எடுத்தால் அந்தக் கட்டணத்தைக் கேட்காத நடைமுறை இருந்து வந்திருக்கிறது. ஏரோபிளான் 2020 நவம்பரில் தன் திட்டத்தைப் புதுப்பித்தபோது இந்தக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. பிற நிறுவன விமானங்களுக்கு 39 கனடா டாலர் முன்பதிவுக் கட்டணம் மட்டும் வைத்துக்கொண்டது.

பெரியவரின் மகனிடம் இருந்தவை வங்கி அட்டைப் புள்ளிகள். அவற்றைப் பல திட்டங்களில் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் பார்த்த திட்டத்தை விட்டு வேறொன்றில் தேடும்படி எழுதினோம். அதே வாரத்தில், அதே வழியில் இருக்கை இருந்தது. வரிகளும் முன்பதிவுக் கட்டணமுமாக ஆளுக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. இருவரும் சேர்ந்தே போய் வந்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அட்டைப் புள்ளிகளை ஒரு விமானத் திட்டத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே இருக்கையையும், இறுதியாகக் கட்ட வேண்டிய ரூபாயையும் திரையில் கண்ட பிறகே மாற்ற வேண்டும். சென்ற ஆண்டு ஒருவர் சொன்னார், இவ்வாண்டு பத்திரிகையில் படித்தேன் என்பதெல்லாம் போதாது. விதிகள் அறிவிப்பின்றியும் மாறுகின்றன.

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச் மாத இறுதியில் எரிபொருள் கட்டணத்தை அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. அதனால் கிரிஸ்ஃபிளையர் மைல் கொடுத்துத் தன் விமானத்தில் வருவோரிடம் அதைத் தனியே வாங்குவதை நிறுத்தியது. ஆனால் கூடவே கொடுக்க வேண்டிய மைல்களின் எண்ணிக்கையைப் பல வழித்தடங்களில் உயர்த்தியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்ததுதான் என்றாலும், ரொக்கம் கையில் இல்லாத குடும்பத்துக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

புறப்படும் நாட்டைப் பொறுத்தும் கட்டணம் மாறும். பிரேசில் நாடு தன்னிடமிருந்து புறப்படும் பயணங்களுக்கு இக்கட்டணத்தை அனுமதிப்பதில்லை என்பது பயணிகளிடையே பெயர் பெற்ற செய்தி. ஹாங்காங்கிலிருந்து புறப்படும் விமானங்களில் 2016 பிப்ரவரி முதல் 2018 அக்டோபர் வரை இது வாங்கப்படவில்லை. ஜப்பான் நிறுவனங்கள் எண்ணெய் விலையைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதை மாற்றி அறிவிக்கின்றன. நமக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். போகவும் வரவும் ஒரே டிக்கெட்டாக எடுக்காமல், இரண்டையும் தனித்தனியே எடுத்தால் எவ்வளவு என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே பயன். போகும்போது ஒரு நிறுவனத்திலும் வரும்போது வேறொன்றிலும் எடுப்பதால் பல ஆயிரம் மிஞ்சுவதுண்டு. உயர் வகுப்பு இருக்கைகளுக்கு இக்கட்டணம் அதிகமாக இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

சில வேளைகளில் மைலைத் தொடாமல் பணம் கொடுத்தே டிக்கெட் வாங்குவது உத்தமம். கணக்கு எளிது. ஒரு டிக்கெட்டின் விலை 42,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே டிக்கெட்டுக்கு 30,000 மைலும் 24,000 ரூபாயும் கேட்கிறார்கள். மிச்சமாவது 18,000 ரூபாய். அதை 30,000 மைலால் வகுத்தால் ஒரு மைலுக்கு அறுபது காசு. வேறொரு திட்டத்தில் அதே 30,000 மைலுடன் 6,000 ரூபாய் மட்டும் கேட்டால், மிச்சம் 36,000. மைலுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. முதல் வழியில் மைலைச் செலவழிப்பவர் தம் சேமிப்பைப் பாதி விலைக்கு விற்கிறார். கொடைக்கானல் விடுமுறைக் கூட்டத்தில் அவகேடோவைக் கூடையோடு பாதி விலைக்குத் தள்ளிவிட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மைல் கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதால் சம்மதித்துவிடுகிறோம்.

அதற்காகச் சேர்த்துச் சேர்த்துப் பூட்டி வைப்பதும் கூடாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்திய பின், அதில் ஏறுவதற்கென்றே மைல் சேர்த்தவர்கள் கையில் எண்ணிக்கைதான் எஞ்சியது. ஏற விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டதால் உறுப்பினர்கள் அவற்றை இழக்கவில்லை. எல்லா நேரமும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

வங்கி அட்டை பற்றியும் ஒரு சொல். மைலுக்காகவே அட்டை வாங்கும் பழக்கம் நம் இளைஞர்களிடம் பெருகி வருகிறது. கெடுத் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாதவருக்கு வட்டி ஏறுகிறது. அது மார்க்க அடிப்படையில் ஆகாது என்பது ஒருபுறமிருக்க, மாதம் மூன்று விழுக்காட்டை ஒட்டி ஏறும் அந்த வட்டியின் முன் எந்த மைலும் நிற்காது. மேலும், அட்டை விளம்பரங்களில் ‘எரிபொருள் கூடுதல் கட்டண விலக்கு’ என்று காண்பது பெட்ரோல் பங்கில் அட்டை தேய்க்கும்போது சேரும் ஒரு விழுக்காட்டைப் பற்றியது. விமான டிக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நம்பி அட்டை வாங்கியவர்கள் இருவரை இவ்வூரிலேயே நான் அறிவேன்.

மகப்பேறு தள்ளிப் போவதும், விசா தாமதமாவதும், வயதானவர்களுக்கு உடல்நலம் குன்றுவதும் இயல்பு. மைல் டிக்கெட்டை ரத்து செய்தால் மைல்களையும், கட்டிய வரிகளையும் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவது பல திட்டங்களின் வழக்கம். ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கும் என்பதை எடுக்கும்போதே கேட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு வரிகளும் நிலையக் கட்டணங்களும் திரும்பி வராவிட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டு, அந்த முறையீட்டின் எண்ணுடன் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016 நவம்பரில் தொடங்கிய ஏர்சேவா என்னும் புகார் ஏற்பாட்டில் பதிவு செய்யலாம். டிக்கெட்டின் நகலும், கட்டணம் பிரித்துக் காட்டப்பட்ட தாளும் கைவசம் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த டிக்கெட்டானால், அவர்கள் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே ரத்துக்கான விண்ணப்பமும் போக வேண்டியிருக்கும்.