சீட்டில் முளைத்த சூரியகாந்தி

டாரட் என்னும் சீட்டுக்கட்டைப் பரப்பி, “சூரியகாந்தி வந்தது, சுகம் வரும்; மாதுளை வந்தது, மறைஞானம் கிட்டும்; கோதுமைக் கதிர் வந்தது, குழந்தை பிறக்கும்” என்று பலன் சொல்லிக் காசு பறிக்கும் கூட்டம் மேல்நாட்டிலும் இருக்கின்றது. ஆதாரம் கேட்டால், எல்லாம் பண்டை எகிப்து ஞானிகளின் இரகசியம் என்கிறார்கள்.

உண்மை என்ன? இச்சீட்டு 15-ம் நூற்றாண்டில் இத்தாலியில் விளையாட்டுக்காகப் பிறந்தது. எகிப்துக் கதையை 1781-ல் பாரிஸில் கட்டிவிட்டவர் கூர் டி ஜெபலின் என்பவர். எகிப்தியரின் சித்திர எழுத்து படித்தறியப்பட்டதோ 1822-ல்! யாரும் படிக்க முடியாத எழுத்தின் இரகசியம் இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இன்று பெரிதும் புழங்கும் கட்டு 1909-ல் லண்டனில் வெளிவந்தது. வெயிட் என்பவர் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற அம்மையார் வரைந்தார். அதிலுள்ள லில்லி தூய்மையைக் குறிப்பதென்பது கிறிஸ்தவ ஓவியர் வழக்கம். சூரியகாந்தியோ அமெரிக்கச் செடி. 1492-ல் கொலம்பஸ் போன பிறகே ஐரோப்பாவுக்கு வந்தது. தாம் காணாத பூவுக்கு எகிப்தியர் அர்த்தம் வைத்தார்களா? மனிதன் வைத்த அர்த்தமே அன்றி வேறில்லை.

வரைந்த அம்மையாருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. 1951-ல் கடனோடு இறந்தார். வரைந்த கைக்கே வழிகாட்டாத சீட்டு, காசு கொடுத்துக் குறி கேட்பவருக்கு என்ன காட்டும்? தோழர்களே, கிளி எடுத்தாலும் சீமான் எடுத்தாலும் சீட்டு சீட்டுதான். காசை அவிழ்க்குமுன் இக்கேள்வியைக் கேளுங்கள்.