காற்கூறும் முக்காற்கூறும்

ஆசிரியன் உரைத்ததனை மாணாக்கன் பழுதறக் கொண்டாலும் அவனுக்குக் கைவருவது புலமையிற் காற்கூறே என்பது நன்னூலார் கொள்கை. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றார் அவர். பட்டப் படிப்புக்கும் பட்டப்பின் படிப்புக்கும் உள்ள வேற்றுமையை அளக்க இதனினுஞ் சிறந்த கோல் வேறில்லை.

முதற் பட்டத்துக்குப் பயில்வோன் நூலையும் உரையையும் சொற்பொருள் பிழையாது கற்றல் வேண்டும். அங்கே ஆசிரியர் மிகுதியாகப் பேசுதல் குற்றமன்று, கடமையேயாம். பட்டப்பின் மாணவன் நிலை வேறு. உரையாசிரியர் ஏன் அவ்வாறு பொருள் கொண்டார், பாடம் வேறாயின் பொருள் யாதாகும் என வினவுவதே அவன் தொழில். அவ்வகுப்பில் ஆசிரியரின் வாய் சுருங்கிச் செவி பெருகுதல் வேண்டும்.

நடப்பதோ வேறு. கீழைத்தேயக் கல்லூரியொன்றிற் பாடஞ் சொல்லிவரும் என்னிடம் ஐயங் கேட்க வரும் பட்டப்பின் மாணவர் பலர், "ஐயா, குறிப்புத் தாருங்கள்" என்கின்றனர். வினாவொடு வருவார் மிகச் சிலரே. குறை அவர்மேலதன்று, கீழ்வகுப்பு முறையை மேல்வகுப்பிலும் நீட்டும் வழக்கத்தின் மேலது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். அப்பட்டத்தோடு அமைந்திருந்தால் யாழ்நூல் தோன்றியிராது. வழக்கொழிந்த யாழைப் பற்றிச் சிலப்பதிகாரம் கூறுவனவற்றைக் கணிதமுங் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்தமையாலன்றோ 1947இல் அந்நூல் அரங்கேறிற்று! ஆயினும், பண்டிதப் பயிற்சியே அவ்வாராய்ச்சிக்கு அடித்தளம் என்பதையும் மறத்தலாகாது. காற்கூறு இல்லாதவனுக்கு முக்காற்கூறு எங்ஙனம் வரும்?

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. வெல்லாவெளி முதலான படுவான்கரை ஊர்களில் அண்ணாவிமார் கையிலுள்ள கூத்துக் கொப்பிகளும், கண்ணகி அம்மன் சடங்கிற் பாடும் பாடல்களும் ஒப்புநோக்கி ஆராய்வாரை வேண்டிநிற்கின்றன. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியர் சி. மௌனகுரு வழிகாட்டியிருக்கிறார். வாவிக்கு அப்பால் வந்தாறுமூலையில் 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. ஓர் அண்ணாவியார் மறையுங்கால் கொப்பி எஞ்சலாம். அதனைப் பாடும் மெட்டு எஞ்சாது. குறிப்பை மனனஞ் செய்த மாணவன் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எதனைக் கேட்பான்?

ஆகவே, பட்டப்பின் வகுப்பில் முதலிற் பேசுபவன் மாணவனாகவே இருத்தல் வேண்டும். தோழர் தடை நிகழ்த்துக. ஆசிரியர் இறுதியில் விடை கூறுக. நன்னூலார் வகுத்த முக்காற்கூறு அவ்வழியே நிரம்பும் என்பது என் துணிபு.